பிடித்துக்கொண்ட ஸ்லைடும் அடைத்துக்கொண்ட ஜெட்டும்: பழைய பைக் கேள்வி பதில்

வருஷக்கணக்கில் நின்றுபோன வண்டியை மறுபடி ஓட வைப்பது பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம், சுருக்கமாகக் கார்ப்) பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே.

அப்பா 1994-ல் வாங்கிய புல்லட் 350 எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒன்பது வருஷமாக நிற்கிறது. இப்போது ஓட்டலாம் என்று பார்த்தால் ஆக்சிலேட்டர் திரும்பவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் "கார்ப் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்கிறார். அப்பா இல்லை, அவர் கை பட்ட பாகம் எதையும் மாற்ற எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி இருக்கிறதா சார்?
– ஒரு வாசகி, காரைக்குடி

இருக்கிறது, சகோதரி. புதுசு வாங்கவே வேண்டாம். பொறுமையாக நாலைந்து நாள் கொடுத்தால் போதும்.

முதலில் பிடித்திருப்பது கார்ப்தானா என்று பாருங்கள். ஒன்பது வருஷம் நின்ற வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் துருப்பிடித்து உறைக்குள்ளேயே இறுகிப்போவது ரொம்ப சகஜம், அதைக் கார்ப் மேல் பழி போட்டு நல்ல கார்ப்பைத் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்ப்பின் தலையில் இருக்கும் வட்ட மூடியைக் கையால் திருகிக் கழற்றி மெதுவாக மேலே தூக்குங்கள். மூடியோடு சேர்ந்து ஸ்லைடும், அதாவது ஆக்சிலேட்டரைத் திருகும்போது உள்ளே மேலே எழும்புகிற உருளையும், சுலபமாக எழும்பி வந்தால் குற்றம் கேபிள் மேல்தான், புது கேபிள் போட்டால் வேலை முடிந்தது. மூடி கொஞ்சம் எழும்பி அதற்கு மேல் வராமல் நின்றால்தான் ஸ்லைடு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் கேபிளைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் கேபிள் முனையில் இருக்கும் ஈயக் குண்டு பிய்ந்து வரும், ஸ்லைடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் மிக்கார்ப் விஎம்24. இங்கே மறைமலை நகரில், ஜப்பானின் மிக்குனி கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து யூகால் நிறுவனம் செய்தது. பெயரில் இருக்கிற 'மிக்' அங்கிருந்து வந்ததுதான். நல்ல கார்ப் அது, சாதாரணமாகச் சாகாது. அதன் உடம்பு துத்தநாகக் கலவையில் வார்த்தது, அதற்குள் ஸ்லைடு மேலும் கீழும் போய் வருகிறது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. தொட்டியில் விட்ட பெட்ரோல் ஆவியாகிப் போனதும் அதிலிருந்த கனமான பாகம் கோந்து மாதிரி அந்த இடைவெளியில் காய்ந்துவிடும். ஈரக்காற்று பட்டுத் துத்தநாகமும் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். உங்கள் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கோந்தும் இந்தப் பொடியும்தான். கோந்து கரையக்கூடியது, பொடி உதிரக்கூடியது. உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் போகவில்லை என்பதை மனசில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெட்ரோல் டேப்பை மூடி, கைப்பிடிப் பக்கம் கேபிளைக் கழற்றித் தளர்த்திக்கொண்டு, கார்ப்பை வண்டியிலிருந்து இறக்குங்கள். ஸ்பிரிங்கைக் கையால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு கேபிள் முனையை ஸ்லைடின் பள்ளத்திலிருந்து நகர்த்தி எடுத்துவிடலாம். அடிக் கிண்ணத்தின் நாலு ஸ்க்ரூவும் ஜப்பான் அளவுக்கு வெட்டியவை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் சரியாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும், அதற்கென்று விற்கிற டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. ஐடில் ஸ்க்ரூவை, அதாவது பக்கவாட்டில் ஸ்பிரிங்கோடு நிற்கிற பெரிய ஸ்க்ரூவை, முழுசாக வெளியே எடுத்துவிடுங்கள். அதன் முனை உள்ளே ஸ்லைடைத் தொட்டுக்கொண்டு நிற்கும், பல பேர் இதை மறந்துவிட்டு ஸ்லைடோடு மல்லுக்கட்டுகிறார்கள். ரப்பர் வளையங்கள் கண்ணில் பட்டால் அவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஊற வைப்பது. துரு விடுவிக்கிற ஸ்ப்ரே எதுவானாலும் சரி, டபிள்யூடி-40 எங்கும் கிடைக்கும். மேலிருந்து ஸ்லைடைச் சுற்றியும், வாய்ப்பக்கமாக உள்ளேயும் அடித்து, நிமிர்த்தி வைத்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். கீழே மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடுகிற சின்னப் பித்தளைப் பாகம்) துளை வழியாகவும் கொஞ்சம் கார்ப் கிளீனர் விட வேண்டும். ஸ்லைடில் தொங்குகிற ஊசி அந்தத் துளைக்கு மேலே நீடில் ஜெட்டுக்குள் கோந்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்லைடை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பல நேரம் அந்த ஊசிதான்.

மறுநாள் சுடுதண்ணீர். கார்ப்பில் பெட்ரோல் வாசனையே இல்லாத அளவுக்குக் கழுவி உலர்த்திய பிறகு, வீட்டுக்கு வெளியே ஒரு பக்கெட்டில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை ஊற்றி இருபது நிமிஷம் விடுங்கள். கார்ப்பை அடுப்பு இருக்கிற இடத்துக்கே கொண்டுபோக வேண்டாம். உங்கள் கார்ப்பில் ஸ்லைடு பித்தளை, உடம்பின் துத்தநாகக் கலவை பித்தளையை விட அதிகமாக விரியும். அறுபது டிகிரி சூடு கூடினால் ஸ்லைடின் அகலத்துக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ஸ்லைடு ஓடுகிற இடைவெளியே நூறில் சில பங்குதான் என்கிறபோது இது பெரிய விஷயம். இதைவிடப் பழைய அமால் கார்ப்பாக இருந்தால் ஸ்லைடும் அதே துத்தநாகக் கலவை, இரண்டும் ஒன்றாகவே விரியும். அதற்குத் தலைமுடி உலர்த்துகிற டிரையரால் வெளி உடம்பை மட்டும் சட்டென்று சூடாக்கி, உள்ளே சூடு போவதற்குள் தள்ளிப் பார்க்க வேண்டும். எதுவானாலும் நெருப்பை நேராகக் காட்டாதீர்கள். இந்தக் கலவை சுமார் 380 டிகிரியிலேயே உருகிவிடும், வெல்டிங் பட்டறையில் கொடுத்து உருகி வந்த கார்ப்பை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

சூடாக இருக்கும்போதே துணியால் பிடித்துக்கொண்டு, மரப் பென்சிலோ மூங்கில் குச்சியோ வைத்து, வாய்ப்பக்கமாக ஸ்லைடின் அடி விளிம்பை மேல் நோக்கித் தள்ளுங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் உள்சுவரில் கோடு விழும், அந்தக் கோடு வழியாகக் காற்று போய், ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி என்றைக்குமே அணையாமல் ஸ்லோவில் நிற்காது. ஒரு மில்லிமீட்டர் எழும்பினால் அதோடு வெளியே இழுத்துவிடப் பார்க்காமல், திரும்பக் கீழே தட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி மேலே தள்ளுங்கள். முன்னும் பின்னுமாக இப்படிப் போய்வரப் போய்வரப் பொடி உதிர்ந்து தானாக வழிவிடும். அசையவே இல்லையா? ஆற விடுங்கள், எண்ணெய் விடுங்கள், மறுநாள் மறுபடி சுடுதண்ணீர். ஒரு கார்ப்புக்கு எனக்கு ஆறு நாள் ஆனது, ஏழாம் நாள் காலையில் பென்சில் பட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் உப்புத்தாள் போடாதீர்கள். மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும், கறை விடாத இடத்தில் பித்தளை பாலிஷைத் துணியில் தொட்டுத் துடைத்துக் கழுவுங்கள். திரும்பப் பூட்டும்போது ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும், பக்கவாட்டுப் பள்ளம் உள்ளே இருக்கும் முளையில் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்லைடு முழுசாகக் கீழே இறங்காது, கிக் அடித்த உடனே வண்டி முழு ரேஸில் கத்தும். எல்லாம் பூட்டிய பிறகு, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக் கையை விடுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டிலை இடது ஓரம், வலது ஓரம் திருப்பி வைத்தும் அதே 'டக்' கேட்க வேண்டும். கேட்காத வரைக்கும் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், இது உயிர் விஷயம்.

இன்னொன்று. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே துரு இருந்தால் இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த கார்ப் ஒரே வாரத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

தாத்தாவின் ஜாவா 250-ஐக் கையில் எடுத்திருக்கிறேன். கார்ப் ஜிகோவ். ஜெட், மிதவை எல்லாம் கருத்துப் பச்சை பூத்திருக்கின்றன. அம்மா, "பித்தளைதானே, புளி போட்டுத் தேய்" என்கிறார். யூடியூபில் ஒருவர் வினிகரில் ஊற வைக்கச் சொல்கிறார். பட்டறையில் பாத்ரூம் ஆசிட் என்கிறார்கள். எதைக் கேட்பது அண்ணா?
– ஒரு வாசகர், தேனி

அம்மா சொல்வதைக் கேளுங்கள், ஆனால் பித்தளைக்கு மட்டும்.

புளியில் இருக்கிற அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறுப்பையும் பச்சையையும் எடுத்துவிடும், உலோகத்தைப் பெரிசாகச் சாப்பிடாது, நம் வீட்டுக் குத்துவிளக்குகளே சாட்சி. ஆனால் கார்ப்பின் உடம்பு துத்தநாகக் கலவை. அதற்கு எந்த அமிலமும் ஆகாது. வினிகரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தால் காலையில் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஊற்றின உடனே நுரை பொங்கும், அந்த நுரையில் போவது அழுக்கு மட்டுமில்லை, கார்ப்பும்தான். அதே மாதிரி காஸ்டிக் சோடாவும் வேண்டாம், துத்தநாகத்தை அதுவும் தின்னும்.

அதனால் பித்தளைப் பாகங்களைத் தனியே கழற்றிக்கொள்ளுங்கள். நீர்க்கக் கரைத்து வடிகட்டிய புளித்தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசி, காற்று அடித்து உலர்த்துங்கள். வடிகட்டுவது முக்கியம், ஒரு நார் ஜெட்டுக்குள் போய் உட்கார்ந்தால் புது அடைப்பு. அதற்கு முன்னால் கோந்தை எடுத்தாக வேண்டும், அது அமிலத்துக்குக் கரையாது. ஜாவாவில் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுவதால் பெட்ரோல் ஆவியான பிறகு அந்த ஆயில் முழுக்கக் கிண்ணத்தில் தங்கித் தார் மாதிரி ஆகியிருக்கும். கார்ப் கிளீனரோ தின்னரோ போட்டு, கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் முதலில் அதை எடுங்கள்.

உடம்புக்குச் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் போதும். உங்கள் ஊரில் நகைக்கடைக்காரர் யாராவது அல்ட்ராசோனிக் தொட்டி (ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கிற தொட்டி) வைத்திருந்தால், சோப்புத் தண்ணீரில் பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு தடவை போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். பிரஷ் போகாத உள்வழிகளில் கூட அது போய் வேலை செய்யும். கோந்தையெல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள், பெட்ரோல் வாசனையோடு போனால் அவர் உங்களை மறுபடி கடைப்பக்கம் விட மாட்டார்.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பித்தளை மிதவையைச் சுடுதண்ணீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வருகிற இடத்தில் ஓட்டை இருக்கிறது. உள்ளே போன பெட்ரோலை அந்த வழியாகவே முழுக்க வெளியேற்றி, நன்றாக உலர்த்தி, பல நாள் காற்றாட வைத்த பிறகுதான் ஈயம் பற்ற வைக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டினால் வெடிக்கும். ஈயமும் ஒரு பொட்டுக்கு மேல் வேண்டாம், மிதவை கனமானால் பெட்ரோல் மட்டம் ஏறிப்போகும்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன், 1992 மாடல். மூணு மாசம் நிறுத்தியிருந்து எடுத்தபோது சோக் போட்டால்தான் ஓடியது, சோக்கை விட்டால் அணைந்தது. ஒரு பட்டறையில் ஸ்லோ ஜெட்டை இரும்புக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார்கள். இப்போது ஸ்லோவில் நிற்கிறது, ஆனால் பிளக் கரியாகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது, ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் மாற்றமே தெரியவில்லை. கார்ப்பே மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

கார்ப் மாற்ற வேண்டாம், அந்த ஒரு ஜெட்டை மாற்றுங்கள். ஆக்சிலேட்டரைத் திருகாதபோது பெட்ரோல் கொடுக்கிற உங்கள் ஸ்லோ ஜெட்டின் துளை பெரிசாகிவிட்டது.

இதே விஷயம் என் வண்டிக்கும் நடந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. கண் முன்னால் ஒரு பட்டறையில் பிரேக் கேபிள் இழையை ஜெட்டுக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது, நானும் வேடிக்கை பார்த்தேன். ஒரு வருஷம் முழுக்க அந்த வண்டி புகைந்தது, என்னென்னவோ மாற்றிப் பார்த்தோம், ஜெட்டை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அந்த ஒரு வருஷத்துப் பெட்ரோல் காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதனால்தான் எங்கே போனாலும் இரும்புக் கம்பி போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஸ்லோ ஜெட்டின் துளை தலைமுடி நாலைந்தைச் சேர்த்துப் பிடித்த தடிமன்தான் இருக்கும். பித்தளை மெத்தென்ற உலோகம், இரும்பு அதை அரத்தால் ராவுகிற மாதிரி ராவும். துளையின் குறுக்களவு பத்து சதவீதம் கூடினால் அதன் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது, ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். விஎம் வகைக் கார்ப்பில் ஏர் ஸ்க்ரூ காற்றைத்தான் கூட்டிக் குறைக்கும், பெட்ரோலை அது தொடுவதில்லை. ராவிப் பெரிசான துளையை ஏர் ஸ்க்ரூவால் ஈடுகட்ட முடியாது, நீங்கள் திருகித் திருகிப் பார்த்தும் மாற்றம் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

புது ஜெட் வாங்கும்போது பழைய ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். பெட்டியில் கிட்டாக வருகிற மலிவு ஜெட்டுகளில் பொறித்த எண்ணும் துளையும் ஒத்துப்போகாதவை நிறைய. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டாலும் அசல் ஜெட் இன்னும் தேடினால் கிடைக்கிறது, அலைச்சல்தான். பழைய வண்டி உடைக்கிற இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

இனி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? முதலில் கார்ப் கிளீனரில் ஒரு நாள் ஊற வையுங்கள், பிறகு காற்று அடியுங்கள். முக்கால்வாசி அடைப்பு அதிலேயே போய்விடும். போகாவிட்டால் மின்சார ஒயரை உரித்து, அதில் இருக்கிற மயிரிழைச் செம்புக் கம்பிகளில் ஒன்றே ஒன்றை எடுத்து உள்ளே விடுங்கள். செம்பு பித்தளையைவிட மெத்தென்றது, பித்தளை மேல் கீறல் போடாது. ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் நிழல் தெரிந்தாலும் கோந்து மிச்சமிருக்கிறது. ஜெட் மட்டும் சுத்தமானால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லோ ஜெட் வழி வருகிற பெட்ரோல் ஸ்லைடுக்கு இன்ஜின் பக்கம் கார்ப்பின் தரையில் இருக்கிற குட்டித் துளை வழியாக வெளியே வருகிறது. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்குள் கிளீனர் அடித்தால் அங்கே பீச்சிக்கொண்டு வர வேண்டும். அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் துளை வழியாக முகத்தில் பாயும் என்று சொல்ல முடியாது.

ஜெட்டைக் கழற்றுகிற ஸ்க்ரூ டிரைவர் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்லோ ஜெட் ஆழமான குழிக்குள் இருக்கிறது. அகலம் சரியாக இல்லாத டிரைவரைப் போட்டால் அதன் தலை சிதைந்துவிடும். என்னிடம் சாணை பிடித்துச் சரிக்கட்டிய டிரைவர் ஒன்று ஸ்லோ ஜெட்டுக்கு என்றே தனியாக இருக்கிறது, அதை வேறு எதற்கும் தொட மாட்டேன்.

பூட்டி முடித்து, ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் திருகி, வேகம் எங்கே அதிகமோ அங்கே நிறுத்துங்கள். வெளியே திருகினால் காற்று கூடும்.

ராஜ்தூத் 350, இரண்டு கார்ப். இடது கார்ப்பின் மிதவைப் பின் வெளியே வரவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா? இடது சைலன்சர் வலதை விடக் குறைவாகப் புகைகிறது, அதுவும் இதனால்தானா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள்.

அந்தப் பின்னைத் தாங்குகிற இரண்டு தூண்களும் உடம்போடு சேர்ந்து வார்த்தவை, தீக்குச்சி மாதிரி ஒடிந்துவிடும். ஒடிந்தால் ஒட்டுவது பெரிய வேலை, எண்பதுகளில் வந்த வண்டிக்கு இன்னொரு கார்ப் உடம்பு கிடைப்பது அதைவிடப் பெரிய வேலை. பின்னின் இரண்டு முனைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பல கார்ப்களில் ஒரு முனையில் சின்னத் தலை இருக்கும், தலையில்லாத பக்கமிருந்து தலைப் பக்கமாகத்தான் தள்ள வேண்டும். ஊற வைப்பது, சுடுதண்ணீர் எல்லாம் மேலே காரைக்குடி வாசகிக்குச் சொன்னதுதான். அப்புறம் தூணுக்குப் பின்னால் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, பின்னைவிடக் கொஞ்சம் மெல்லிய ஆணியின் முனையைத் தட்டையாக ராவிக்கொண்டு, கட்டை விரலால் அழுத்துங்கள். அல்லது மூக்குக் குறடால் தூணையும் ஆணியையும் சேர்த்துப் பிடித்து நெருக்குங்கள். நெருக்குவதில் விசை தூணுக்கு நேராகப் போகிறது, தட்டினால் தூண் பக்கவாட்டில் ஆடி முறியும்.

புகை விஷயத்தை ஒத்திப்போடாதீர்கள், அந்தப் பக்கம் பெட்ரோல் குறைவாகப் போவதன் அடையாளமாக இருக்கலாம். அது டூ ஸ்ட்ரோக். ஒரு சைலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்தால் அந்தப் பிஸ்டன் சூடேறி, ஓடுகிற வேகத்திலேயே பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒரு கார்ப்பைச் சுத்தம் செய்தால் மற்றதையும் சேர்த்துச் செய்தாக வேண்டும். இரண்டின் ஜெட் எண்களும், ஊசியில் கிளிப் நிற்கும் பள்ளமும், மிதவை உயரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் கொடுத்து, ஐடில் ஸ்க்ரூவை இறக்கிவிட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல மெல்லத் திருகுங்கள். இரண்டு பிட்டும் ஒரே நொடியில் தளர்ந்து விழும் வரைக்கும் கேபிள் அட்ஜஸ்டரைத் திருத்துங்கள். இன்ஜினோடு கார்ப்பைச் சேர்க்கிற ரப்பரில் வெடிப்பு இருந்தால் அந்த வழியாகக் காற்று உறிஞ்சும், நீங்கள் செய்த அத்தனையும் வீண். நாற்பது வருஷத்து ரப்பர், மாற்றிவிடுங்கள். பத்துக் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். இடது பிளக் மட்டும் வெளுத்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

சுத்தம் செய்து பூட்டியதிலிருந்து ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது. ஏன்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

மிதவை ஊசி, அதாவது கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற ஊசி, சரியாக உட்காரவில்லை. டேப்பை மூடி, கிண்ணத்தைக் கழற்றி, ஊசியின் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையம் மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் ஊசியை மாற்றுங்கள். பள்ளம் இல்லையென்றால் அது உட்காருகிற இருக்கையில் அழுக்கு இருக்கிறது, பஞ்சு சுற்றிய தீக்குச்சியில் பாலிஷ் தொட்டு நாலு சுற்று சுற்றிக் கழுவுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மிதவை கிண்ணத்தின் சுவரில் உரசுகிறது, அல்லது அதன் நாக்கு வளைந்திருக்கிறது. சொட்டுகிற வண்டியை வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள்.

ஐயா, அப்பாவின் ஹொண்டா சி 90 தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடினது. பிறகு அப்படியே மாட்டுக் கொட்டிலில் நிறுத்தியாச்சு. இப்ப கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டருக்குள் கறுப்புப் பாணி (பாகு) மாதிரிக் கிடக்கு. இதைக் காப்பாற்றலாமோ?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டி, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆட்களைக் கொண்டுபோன அந்த வண்டிகளை ஓட வைத்தவர்களின் கைத்திறனுக்கு நான் தலை வணங்குகிறேன். அதில் ஒன்று மிச்சமிருக்கிறது என்றால் அவசியம் காப்பாற்ற வேண்டும்.

மண்ணெண்ணெய் பெட்ரோல் போல லேசில் ஆவியாகாது, கொதிநிலை அதிகம். அதனால் முப்பது வருஷம் கழித்தும் பாணியாகக் கிடக்கிறது. நல்ல விஷயம் என்னவென்றால், அந்தப் பாணி உள்ளே இருக்கிற உலோகத்தை ஈரம் படாமல் மூடி வைத்திருக்கும், மேல் கறுப்பை எடுத்தால் அடியில் வெள்ளைப் பூப்பு குறைவாகவே இருக்கும். சுடுதண்ணீரில் தொடங்காதீர்கள், எண்ணெய்ப் பசைக்கு முதலில் கரைப்பான் வேண்டும். புது மண்ணெண்ணெயிலேயே இரண்டு நாள் முழுக்க ஊற வையுங்கள், பாதி அதிலேயே இளகிவிடும். பிறகு தின்னர், கடைசியில் சோப்புத் தண்ணீர்.

ஜெட்டுகளைக் கழற்றியதும் எண்ணைப் பாருங்கள், துளையையும் பாருங்கள். மண்ணெண்ணெய்க்கு ஏற்ற மாதிரி அந்தக் காலத்தில் ஜெட்டில் ஏதாவது கைவேலை செய்திருக்கலாம். பெட்ரோலுக்குத் திரும்பும்போது அசல் அளவுக்குப் போக வேண்டும். ஆனால் கழற்றிய பழைய ஜெட்டை எறியாதீர்கள், ஒரு சின்ன டப்பியில் போட்டு வண்டியோடேயே வையுங்கள். இன்ஜின் ஆயிலையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி அதில் இறங்கியிருக்கும்.

மஸ்கட்டில் வேலை. வருஷத்தில் ஒரு மாசம்தான் ஊருக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் என் 1989 புல்லட்டின் கார்ப்பைக் கழற்றுவதிலேயே ஒரு வாரம் போய்விடுகிறது. முன்பெல்லாம் இவ்வளவு மோசமாக இல்லை. எத்தனால் பெட்ரோல்தான் காரணமா? நிறுத்திவிட்டு வரும்போது என்ன செய்து வைக்க வேண்டும்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

எத்தனாலும் ஒரு காரணம்தான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் வரத் தொடங்கியது, இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உங்கள் ஊரோ கடலோரம். போதுமான தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கும், துத்தநாகத்துக்கும் தொட்டி இரும்புக்கும் அதைவிடக் கெடுதல் வேறில்லை. பழைய ரப்பர்களையும் அது ஊதவைத்துக் கெடுக்கும். 1989 வண்டியை இதற்கென்று யாரும் வடிவமைக்கவில்லை. மிதவை ஊசி, ஓ-ரிங், பெட்ரோல் குழாய் மூன்றையும் எத்தனால் தாங்குகிற ரப்பரில் ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

பதினோரு மாசம் நிற்கப் போகிறது என்றால் தொட்டியில் பெட்ரோலே வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள் டேப்பை மூடிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள், கிண்ணத்தில் இருக்கிறது தீர்ந்து தானாக அணையும். அப்படி அணைந்தாலும் அடியில் ஒரு ஸ்பூன் அளவு தங்கியிருக்கும், கோந்தாவது அந்த ஒரு ஸ்பூன்தான். அடியில் வடிகால் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து வடித்துவிடுங்கள், இல்லையென்றால் கிண்ணத்தையே கழற்றித் துடைத்துவிடுங்கள். தொட்டியைக் கேனில் வடித்து வேறு வண்டிக்குப் போட்டுவிட்டு, கால் லிட்டர் இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றித் தொட்டியை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுவர் முழுக்கப் பூசி, மிச்சத்தை வடித்துவிடுங்கள். மூடியைத் திறந்து ஸ்லைடின் மேல் நாலு சொட்டு ஆயில், கேபிளின் மேல்முனையில் நாலு சொட்டு. சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் துணி அடைத்து, துணியின் நுனி வெளியே தெரியும்படி விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள். வாரம் ஒருமுறை, வண்டியைத் துடைக்கும்போது, ஆக்சிலேட்டரைப் பத்துத் தடவை திருகிவிடச் சொல்லுங்கள். வந்ததும் தொட்டியில் அரை லிட்டர் பெட்ரோலை ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு, அப்புறம் புது பெட்ரோல் நிரப்பி, டேப்பைத் திறந்து, ஐந்து நிமிஷம் கழித்துக் கிக்கரை உதையுங்கள்.